சாவிக்கொத்து யாரிடம் இருக்கிறது?

ஊருக்கு ஊர் எல்லோரும் அறிந்த அரசுப் பதவிகளில் 'தலைமை' என்ற சொல்லைப் பெயரிலேயே சுமந்திருப்பது தலைமை ஆசிரியர் பதவி. ஆனால் அந்த நாற்காலியில் உட்காரும் நாள்வரை தலைமை என்றால் என்ன என்று நமக்கு யாரும் விரிவாகப் பாடம் நடத்துவதில்லை. பணிமூப்பு வருகிறது, கலந்தாய்வு நடக்கிறது, ஆணை கைக்கு வருகிறது. சில நாள்களில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் முன்னால் நிற்கிறோம். பிறகு, நாம் யார் யாரிடம் வேலை பார்த்தோமோ அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதை வைத்துப் பள்ளியை நடத்துகிறோம்.

பட்டதாரி ஆசிரியராகவும் பின்னர் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராகவும் ஆறு பள்ளிகளில் பணியாற்றியிருக்கிறேன். பயிற்சி நாள்களின் தேநீர் இடைவேளையில் சக ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "சார், தலைமைப் பண்பு பிறவியிலேயே வரணுமா?" "கண்டிப்பா இருந்தாத்தானே வேலை நடக்குது?" "எல்லாரையும் கேட்டு முடிவெடுத்தா எதுவும் முடிவாகாதே?" இந்தக் கேள்விகளையே தொழிற்சாலைகளும் மருத்துவமனைகளும் படைகளும் கடந்த நூறு ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கின்றன. கிடைத்த விடைகளில் நம் பள்ளிக்குப் பயன்படும் சிலவற்றை இங்கே பகிர்கிறேன்.

இது தலைமை ஆசிரியர்களுக்கு மட்டுமான கட்டுரை இல்லை. நாற்பது பிள்ளைகளை ஓராண்டு முழுவதும் வழிநடத்தும் வகுப்பாசிரியரும் ஒரு தலைவர்தான். இளஞ்செஞ்சிலுவைச் சங்கப் பொறுப்பாளர், கலைத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆசிரியர், ஈராசிரியர் பள்ளியில் இருக்கும் இருவர் என எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

பிறவித் தலைவர் உண்டா?

ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைல் 1841இல் வெளியிட்ட நூலில், உலக வரலாறு என்பது மாமனிதர்களின் வரலாறுதான் என்று வாதிட்டார். சிலர் தலைவர்களாகவே பிறக்கிறார்கள், மற்றவர்கள் பின்தொடரப் பிறக்கிறார்கள் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உளவியலாளர்கள் அதைச் சோதிக்கத் தொடங்கினார்கள். உயரம், குரல், அறிவுக்கூர்மை, தன்னம்பிக்கை என ஒவ்வொன்றையும் அளந்தார்கள்.

அமெரிக்காவின் ரால்ஃப் ஸ்டாக்டில் 1904 முதல் 1947 வரை வெளிவந்த 124 ஆய்வுகளைத் திரட்டிப் படித்து, 1948இல் முடிவை வெளியிட்டார். அறிவுத்திறன், பொறுப்புணர்வு, பிறரோடு கலந்து பழகுதல் போன்றவை தலைவர்களிடம் சராசரியைவிடச் சற்று அதிகம் காணப்பட்டன. ஆனால் இந்தக் குணங்கள் இருப்பதால் மட்டுமே ஒருவர் தலைவராகிவிடுவதில்லை என்றார் அவர். ஒரு சூழலில் சிறந்து விளங்கும் தலைவர் வேறொரு சூழலில் அப்படி இருக்க வேண்டியதில்லை.

பள்ளியில் இதை நாம் கண்ணாலேயே பார்க்கிறோம். விளையாட்டு விழா அன்று உடற்கல்வி ஆசிரியர் விசில் ஊதினால் பள்ளி முழுவதும் நகர்கிறது. இலக்கிய மன்ற விழாவில் தமிழாசிரியர் சொல்வதுதான் சட்டம். திடீர் மழையில் பிள்ளைகளை எங்கே உட்கார வைத்துச் சாப்பாடு போடுவது என்று சத்துணவு அமைப்பாளர் சொன்னால் எல்லோரும் கேட்கிறோம். அவரவர் அறிந்த இடத்தில் அவரவர் தலைமை. திருக்குறளில் 52ஆம் அதிகாரமான 'தெரிந்துவினையாடல்' முழுவதும் ஒருவருடைய திறம் அறிந்து அவரிடம் வேலையை ஒப்படைப்பது பற்றியதுதான். ஆகவே, "எனக்குத் தலைமைப் பண்பு கிடையாது சார்" என்று ஒதுங்கும் ஆசிரியரிடம் நான் சொல்வது இதுதான்: எந்த இடத்தில் உங்களுக்கு அது இருக்கிறது என்பதை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

பத்து வயதுச் சிறுவர்களும் மூன்று வகைத் தலைவர்களும்

தலைமை பற்றிய புகழ்பெற்ற ஆய்வுகளுள் ஒன்று நடந்தது பள்ளிப் பிள்ளைகளை வைத்துத்தான். இட்லரின் ஆட்சி வந்ததும் 1933இல் ஜெர்மனியைவிட்டு அமெரிக்கா சென்ற உளவியலாளர் கர்ட் லெவின், அயோவா பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வொய்ட் ஆகியோருடன் சேர்ந்து இதை நடத்தினார். 1939இல் முடிவுகள் வெளிவந்தன. சர்வாதிகாரத்தின் கீழ் மனிதர்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற கேள்வி லெவினுக்கு வெறும் புத்தகக் கேள்வியாக இருக்கவில்லை.

பத்து வயதுச் சிறுவர்கள் ஐந்து ஐந்து பேராகக் குழுக்களில் சேர்க்கப்பட்டார்கள். முகமூடி செய்வது போன்ற கைவேலைகள் அவர்களுக்குத் தரப்பட்டன. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவர் தலைவர். ஆறு வாரங்களுக்கு ஒருமுறை தலைவரும் தலைமை முறையும் மாறும்.

முதல் வகைத் தலைவர் எல்லாவற்றையும் தானே முடிவுசெய்வார். யார் யாரோடு சேர வேண்டும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் அவரே சொல்வார். அதையும் ஒவ்வொரு படியாகத்தான் சொல்வார். அதற்கடுத்து என்ன என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. பாராட்டினாலும் திட்டினாலும் காரணம் சொல்லமாட்டார். இரண்டாம் வகைத் தலைவர் வேலையின் முழு வரைபடத்தையும் முதலிலேயே காட்டிவிடுவார். பிள்ளைகள் பேசி முடிவெடுப்பார்கள். சந்தேகம் கேட்டால் இரண்டு மூன்று வழிகளைச் சொல்லி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார். மூன்றாம் வகைத் தலைவர் பொருள்களைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். கேட்டால் மட்டும் பதில் சொல்வார்.

முடிவுகளை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கண்டிப்பான தலைவர் அறையில் இருக்கும்போது வேலை அதிகம் நடந்தது. அடங்கிப் போன குழுக்களின் பிள்ளைகள் 74 விழுக்காடு நேரம் வேலையில் இருந்தார்கள். கலந்து பேசும் தலைவரின் குழுவில் அது 50 விழுக்காடுதான். "அதான் சார் நாங்களும் சொல்றோம்" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. ஆனால் ஆய்வாளர்கள் இன்னொன்றையும் செய்தார்கள். தலைவரை வேண்டுமென்றே சற்று நேரம் வெளியே அனுப்பினார்கள். கண்டிப்பான தலைவரின் குழுவில் 74 என்பது 29 ஆகச் சரிந்தது. கலந்து பேசும் தலைவரின் குழுவில் 50 என்பது 46 ஆனது. தலைவர் போனதை அந்தப் பிள்ளைகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. ஏனென்றால் வேலை அவர்களுடையதாக ஆகியிருந்தது.

ஒதுங்கிவிடும் தலைவரிடம் வேலையும் குறைவு, தரமும் குறைவு. சுதந்திரம் கொடுப்பது வேறு, கைவிடுவது வேறு என்பதை இந்த மூன்றாம் குழு காட்டியது. கண்டிப்பான தலைமையிலிருந்து திடீரென்று தளர்வான தலைமைக்கு மாறிய நாள்களில் சில குழுக்களில் சண்டையும் கூச்சலும் பொங்கி வந்தன. கண்டிப்பான ஆசிரியரின் வகுப்பு முடிந்து அடுத்த பாடவேளை தொடங்கும்போது வகுப்பறை ஏன் அப்படி ஆகிறது என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது. இரண்டாம் பாடவேளை ஆசிரியருக்கு வகுப்பை அடக்கத் தெரியவில்லை என்று முடிவுகட்டும் முன், முதல் பாடவேளையில் என்ன நடந்தது என்றும் பார்க்கலாம். இருபது சிறுவர்களில் 19 பேர் கண்டிப்பான தலைவரைவிடக் கலந்து பேசும் தலைவரையே விரும்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நம் தலைமை எப்படிப்பட்டது என்று அறிய வேறு அளவுகோல் தேவையில்லை. நாம் வகுப்பைவிட்டு அலுவலகம் சென்று திரும்பும் பத்து நிமிடங்களில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதும். தலைமை ஆசிரியர் என்றால், வட்டாரக் கல்வி அலுவலகத்திலோ மாவட்டக் கூட்டத்திலோ இருக்கும் ஒரு நாளில் பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம்.

அரும்பு, மொட்டு, மலர் – ஆசிரியர்களுக்கும்தான்

கலந்து பேசுவது நல்லது என்றால் எல்லோரிடமும் எப்போதும் அப்படியே இருக்க வேண்டுமா? பணியில் சேர்ந்து பத்து நாளே ஆன ஆசிரியரிடம், "வருகைப் பதிவேட்டை எப்படி முடிப்பது என்று நீங்களே முடிவுசெய்யுங்கள்" என்றால் அவர் திண்டாடுவார். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரிடம் அதை வரி வரியாகச் சொன்னால் மனம் புண்படுவார்.

1969இல் பால் ஹெர்சி, கென் பிளான்சார்ட் என்ற இரு அமெரிக்கர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். சூழலுக்கேற்ற தலைமை என்று அது அழைக்கப்படுகிறது. ஒரு குறிப்பிட்ட வேலையில் ஒருவருக்கு எவ்வளவு திறன், எவ்வளவு விருப்பம் என்பதைப் பார்த்துத் தலைவர் தன் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். நான்கு முறைகள்:

சொல்லித் தருதல்: வேலை புதிது. என்ன, எப்படி, எப்போது என்று தெளிவாகச் சொல்லி, பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

விளக்கி ஏற்கச் செய்தல்: ஆர்வம் இருக்கிறது, திறன் வளர்ந்து கொண்டிருக்கிறது. ஏன் இப்படிச் செய்கிறோம் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சேர்ந்து முடிவெடுத்தல்: திறன் இருக்கிறது, தயக்கமோ சலிப்போ இருக்கிறது. அவர் கருத்தைக் கேட்டு, துணை நிற்க வேண்டும்.

ஒப்படைத்தல்: திறனும் விருப்பமும் உள்ளவர். வேலையைக் கொடுத்துவிட்டு, குறுக்கே போகாமல் இருக்க வேண்டும்.

இந்தக் கோட்பாட்டுக்கு ஆய்வுகளில் முழு ஆதரவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அன்றாட வேலைக்கு இது நல்ல கருவி. நமக்கு இது புதிதும் இல்லை. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை அறிந்துதானே கற்பிக்கிறோம்? பிள்ளைகளுக்கு நிலைவாரியாகப் பாடம் நடத்தும் நாம், ஆசிரியர்களுக்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே சுற்றறிக்கை, ஒரே அறிவுரை என்று இருந்துவிடுகிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிலை என்பது ஆளுக்குரியது இல்லை, வேலைக்குரியது. கணக்கில் மலராக இருக்கும் பிள்ளை ஆங்கிலத்தில் அரும்பாக இருக்கலாம். அப்படியே, முப்பது ஆண்டுகள் பாடம் நடத்திய மூத்த ஆசிரியை, எமிஸ் தளத்தில் பதிவேற்றும் வேலையில் அரும்பாக இருப்பார். நேற்றுச் சேர்ந்த இளைஞர் அதில் மலராக இருப்பார். "இத்தனை வருஷ சர்வீஸ், இதுகூடத் தெரியாதா?" என்ற ஒரு வாக்கியம் அந்த மூத்த ஆசிரியையை மீண்டும் அந்தக் கணினிப் பக்கமே வரவிடாமல் செய்துவிடும். அந்த இளைஞரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "தம்பி, அம்மாவுக்கு ஒருதடவை காட்டிக் கொடுங்க, நானும் பார்த்துக்கறேன்" என்று சொல்லும் தலைமை ஆசிரியர் இருவரையும் வளர்க்கிறார்.

வாய் திறக்கத் தயங்கும் அறை

1990களில் எமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நிகழும் தவறுகளைப் பற்றி ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த எண்கள் தலைகீழாக இருந்தன. நல்ல தலைமையும் ஒற்றுமையும் கொண்ட குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. பிறகுதான் காரணம் புரிந்தது. அந்தக் குழுக்கள் அதிகமாகத் தவறு செய்யவில்லை; நடந்த தவறுகளை மறைக்காமல் சொன்னார்கள். மற்ற குழுக்களில் தவறுகள் பயத்தில் புதைந்துவிட்டன.

1999இல் அவர் இதை விரிவாக ஆராய்ந்து, 'உளவியல் பாதுகாப்பு' என்ற கருத்தை முன்வைத்தார். கேள்வி கேட்டால், சந்தேகம் சொன்னால், தவறை ஒத்துக்கொண்டால் அவமானப்பட மாட்டேன் என்று ஒரு குழுவில் உள்ளவர்கள் நம்பும் நிலையே அது. கூகுள் நிறுவனம் 2012இல் தொடங்கித் தன் 180 குழுக்களை ஆராய்ந்தபோதும், வெற்றிபெறும் குழுக்களை வேறுபடுத்திக் காட்டியவற்றில் இதுவே முதலிடம் பெற்றது. குழுவில் எத்தனை கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது அந்த அளவுக்கு முக்கியமாக இருக்கவில்லை. ஜப்பானின் டொயோட்டா கார் தொழிற்சாலையில், கோளாறு ஒன்றைக் கண்டால் கடைநிலைத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுக்கலாம். சரிசெய்ய முடியாவிட்டால் உற்பத்தி வரிசையே நின்றுவிடும். இழுத்தவரை அங்கே யாரும் திட்டுவதில்லை.

நம் பள்ளிகளில் அந்தக் கயிறு இருக்கிறதா? நான் மாறுதலில் சென்று சேர்ந்த ஒரு பள்ளியில், எனக்கு முந்தைய பருவத்தில் நடந்ததை ஓர் இளம் ஆசிரியை சொன்னார். பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிகமாக நியமிக்கப்பட்டவர் அவர். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு வாரமாக வரவில்லை. அவளுக்கு வீட்டில் கல்யாணம் பேசுகிறார்கள் என்று வகுப்புப் பிள்ளைகள் இவரிடம் கிசுகிசுத்தார்கள். அந்த வாரம் ஆசிரியர் கூட்டம் நடந்தது. இவர் வாய் திறக்கவில்லை. காரணம், முந்தைய கூட்டத்தில் மாணவியர் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று சொன்னதற்கு, "வந்து ரெண்டு மாசம் ஆகல, அதுக்குள்ள குறை சொல்ல ஆரம்பிச்சாச்சா?" என்று பதில் வந்திருக்கிறது. எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். "அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன் சார், இனிமே எதுவும் சொல்லக் கூடாதுன்னு" என்றார். அடுத்த பத்து நாளில் வெளியூர்க் கோயில் ஒன்றில் அந்தச் சிறுமியின் திருமணம் முடிந்துவிட்டது. அவள் பள்ளிக்குத் திரும்பவே இல்லை.

அந்தத் தலைமை ஆசிரியர் கெட்டவர் இல்லை. நேரம் தவறாதவர், பள்ளியைச் சுத்தமாக வைத்திருந்தவர். செய்தி காதுக்கு எட்டியிருந்தால் அன்றே 1098க்கு அழைத்திருப்பார். சிரிப்போடு போன ஒரு பதில் அந்தச் செய்தி வரும் வழியை அடைத்துவிட்டது. நம் பள்ளியில் மிக முக்கியமான தகவல் பெரும்பாலும் மிகக் குறைந்த அதிகாரம் உள்ளவரிடம்தான் இருக்கிறது. துப்புரவுப் பணியாளருக்கும் காலை உணவு சமைக்கும் அக்காவுக்கும் தெரிவது நமக்குத் தெரியாது. எந்தப் பிள்ளை சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறது, யார் கையில் தழும்பு இருக்கிறது என்பதை அவர்கள் பார்க்கிறார்கள்.

அதன் பிறகு நான் பொறுப்பேற்ற பள்ளிகளில் மூன்று பழக்கங்களைக் கடைப்பிடித்து வருகிறேன். ஆசிரியர் கூட்டத்தில் வயதில் இளையவர், பணியில் புதியவர் முதலில் பேசுவார். தலைமை ஆசிரியர் கடைசியில்தான் பேசுவார். பெரியவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் இளையவர் அதை மறுத்துப் பேசுவது நம் மரபில் கடினம் என்பதால் இந்த ஏற்பாடு. இரண்டாவது, ஒரு குறையைக் கொண்டுவருபவருக்கு முதல் பதில் "சொன்னது நல்லதாப் போச்சு" என்பதாகவே இருக்கும். சரியா தவறா என்பது பிறகு. மூன்றாவது, சொன்ன குறை என்ன ஆயிற்று என்பது அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக வரும். தாழ்ப்பாள் போட முடியவில்லை என்றாலும், ஏன் முடியவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இருபத்து மூன்று சாவிகள்

நான் மிகவும் மதிக்கும் தலைமை ஆசிரியர் ஒருவர் இருந்தார். காலை எட்டு மணிக்கே பள்ளியில் இருப்பார். நூலகத்தைத் திறப்பார், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவார், கால அட்டவணை போடுவார், நன்கொடையாளர்களிடம் பேசுவார். சாவிக்கொத்து எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். பிறகு அவருக்கு மாறுதல் வந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது கொத்தில் இருந்த 23 சாவிகளில் நூலகச் சாவி எது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆண்டுதோறும் காலணி வாங்கித் தந்த நன்கொடையாளரின் எண் அவருடைய கைப்பேசியில் மட்டுமே இருந்தது. காலாண்டுத் தேர்வுக்குள் தோட்டம் காய்ந்தது, வாசிப்பு நேரம் நின்றது. அங்கே இருந்த ஆசிரியர்கள் சோம்பேறிகள் இல்லை. எட்டு ஆண்டுகளாக எதையும் அவர்களிடம் யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். இளம் வயதிலேயே வந்த முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோனவர், அந்தக் கைகளாலேயே ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். தானே எல்லாவற்றையும் செய்திருந்தால் அவர் ஒரு சிறந்த மருத்துவராக மட்டும் நினைவில் நின்றிருப்பார். அவர் வேலையைப் பிரித்தார். பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார். கண் அளவு பார்ப்பது, நோயாளியைத் தயார்செய்வது, கருவிகளை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அந்தப் பெண்களின் பொறுப்பு. மருத்துவர் ஒரு நோயாளிக்கு அறுவை சிகிச்சை செய்யும்போதே அடுத்த மேசையில் இன்னொருவர் தயாராக இருப்பார். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதை மருத்துவர் செய்தார். மற்றதைப் பயிற்சி பெற்றவர்கள் செய்தார்கள். வெங்கடசாமி 2006இல் மறைந்தார். மருத்துவமனை அதன் பிறகும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பணம் கட்ட முடியாதவர்களுக்கு இலவச சிகிச்சையும் தொடர்கிறது.

கல்வித் துறையில் இதைப் பகிர்ந்தளிக்கப்பட்ட தலைமை என்கிறார்கள். அமெரிக்காவின் சிகாகோ நகரப் பள்ளிகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்பிலேன் இதைப் பற்றி விரிவாக எழுதியவர். ஒரு பள்ளியில் தலைமை என்பது நாற்காலியில் இருப்பவரிடம் மட்டும் இல்லை. யார் யார் எந்தெந்த வேலையில் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து இயங்குகிறார்கள் என்பதில் இருக்கிறது என்பது அவர் கருத்து.

பகிர்வது என்றால் வேலையைத் தள்ளிவிடுவது என்று பொருளில்லை. பொறுப்பைக் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காவிட்டால் அது சுமைதான். நூலகப் பொறுப்பாசிரியருக்குச் சாவியும் வேண்டும், எந்தப் புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம் என்று முடிவெடுக்கும் உரிமையும் வேண்டும், புத்தகம் ஒன்று கிழிந்தால் அவர் பக்கம் நிற்கும் தலைமை ஆசிரியரும் வேண்டும்.

"எங்க பள்ளியில ரெண்டு பேர்தான் சார், யாருக்குப் பகிர்றது?" என்று தொடக்கப் பள்ளி நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். தீர்மானத்தில் கையெழுத்து வாங்க மட்டும் அவர்களை அழைக்கிறோமா, தண்ணீர்த் தொட்டியைக் கவனிப்பது, வராத பிள்ளையின் வீட்டுக்குப் போவது என்று ஒரு வேலையை முழுமையாகக் கொடுக்கிறோமா என்று யோசிக்கலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைகளால் என்ன முடியும் என்பதை அயோவாவில் பார்த்தோம்.

தலைமை ஆசிரியர் எங்கே உட்கார வேண்டும்?

கோட்பாடுகள் இன்னும் பல உண்டு. கூலிக்கு வேலை என்ற கொடுக்கல் வாங்கலைத் தாண்டி, தன்னைப் பின்பற்றுவோரின் நோக்கங்களையே உயர்த்துபவர்தான் மாற்றம் தரும் தலைவர் என்று 1978இல் ஜேம்ஸ் மெக்கிரெகர் பர்ன்ஸ் எழுதினார். ஒரு தொலைபேசி நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ராபர்ட் கிரீன்லீஃப், முதலில் தொண்டர், பிறகே தலைவர் என்ற தொண்டுத் தலைமையை 1970இல் முன்வைத்தார். இவை நம் மனத்துக்கு நெருக்கமானவை. ஆனால் பிள்ளைகளின் கற்றலில் எது அதிகம் மாற்றம் தருகிறது என்று கேட்டால், விடை சற்றே வேறாக இருக்கிறது.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் விவியன் ராபின்சனும் அவருடைய குழுவினரும் பள்ளித் தலைமை பற்றிய 27 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஊக்கமூட்டும் பேச்சும் தொலைநோக்கும் கொண்ட மாற்றம் தரும் தலைமையைவிட, கற்றல் கற்பித்தலில் நேரடியாக ஈடுபடும் தலைமை பிள்ளைகளின் அடைவில் மூன்று நான்கு மடங்கு அதிக விளைவைத் தந்தது. அதிலும் முதலிடம் பெற்றது, ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் தலைவரும் பங்கெடுப்பது. ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்பிவைப்பதோடு நில்லாமல், அவர்களோடு சேர்ந்து தானும் கற்பது.

இதன் காரணம் எளிது. சேர்ந்து உட்கார்ந்து கற்ற தலைமை ஆசிரியருக்கு, அந்தப் புதிய முறையை வகுப்பறையில் கொண்டுவர என்ன தேவை, எங்கே சிக்கல் வரும் என்று தெரிந்திருக்கும். முதல் வாரம் வகுப்பு சத்தமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார். பயிற்சிக்கு வராதவர் வராந்தாவில் நடந்தபடியே, "என்ன டீச்சர், ஒரே சத்தமா இருக்கு?" என்று கேட்பார். அதோடு அந்த முறை முடிந்துவிடும்.

பதிவேடுகள், கூட்டங்கள், இணையப் பதிவுகள் இவற்றுக்கு நடுவே நேரம் எங்கே என்ற கேள்வி எழும். எனக்கும் எழுகிறது. அதனால்தான் சாவிகளைப் பகிர்வது பற்றி முதலில் சொன்னேன். இடுப்பில் 23 சாவிகளை வைத்திருப்பவருக்கு வகுப்பறைக்குள் போய் உட்கார நேரம் கிடைக்காது.

இந்தப் பருவத்தில் செய்து பார்க்க

1. உங்கள் பொறுப்பில் இருக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் மட்டுமே செய்யக்கூடியவற்றுக்கு வட்டம் போடுங்கள். வட்டம் இல்லாதவற்றுள் ஒன்றை இந்த மாதமே, முடிவெடுக்கும் உரிமையோடு, வேறொருவரிடம் கொடுங்கள்.

2. அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் பணியில் இளையவரை முதலில் பேசச் சொல்லுங்கள். நீங்கள் கடைசியில் பேசுங்கள்.

3. ஒவ்வோர் ஆசிரியரும் எந்த வேலையில் அரும்பு, மொட்டு, மலர் என்று உங்களுக்காக மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரையும் அதில் சேருங்கள்.

4. வகுப்பாசிரியராக இருந்தால், நீங்கள் இல்லாத பத்து நிமிடங்களில் என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளையே பேசி முடிவெடுக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து அது எப்படி நடந்தது என்று அவர்களிடமே கேளுங்கள்.

5. சமையலறைக்கும் துப்புரவுப் பணியாளரிடமும் வாரம் ஒருமுறை சென்று, "இந்த வாரம் எந்தப் பிள்ளையைப் பார்த்து உங்களுக்கு வருத்தமா இருந்துச்சு?" என்று கேளுங்கள்.

6. தலைமை ஆசிரியராக இருந்தால், இந்தப் பருவத்தில் ஒரு பயிற்சியிலாவது உங்கள் ஆசிரியர்களோடு முழுநேரமும் உட்காருங்கள்.

7. ஒரு குறிப்பேடு போடுங்கள். எந்தச் சாவி எந்த அறைக்கு, மோட்டார் போடும் நேரம், நன்கொடையாளர்களின் எண்கள், வாசிப்பு நேரத்தை யார் நடத்துகிறார்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். அடுத்த கலந்தாய்வில் யாருக்கு மாறுதல் வரும் என்று நமக்குத் தெரியாது. பிள்ளைகள் அதே பள்ளியில்தான் இருப்பார்கள்.